எந்த ஆடு நிற்கட்டும், எந்த ஆடு போகட்டும்?

வெள்ளாடு வளர்ப்போருக்கு ஆவணி – புரட்டாசி ஆலோசனை

ஆவணி பாதி கடந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஆறேழு வாரம்தான் இருக்கிறது. பதினைந்து, இருபது பெட்டை ஆடு வைத்திருப்பவர்கள் இந்த நாட்களில் முதலில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்த ஆடு மழைக்காலத்துக்குள் நம்மோடு வரலாம், எது இப்போதே போக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அது. தடுப்பூசி, தீவனம், கொட்டகை இடம் எல்லாம் அதற்குப் பிறகு. எத்தனை ஆடு என்று தெரிந்தால்தானே மற்றதற்குக் கணக்குப் போட முடியும்?

நம் பட்டிகளில் பெரும்பாலும் இந்தத் தேர்வை நாம் செய்வதில்லை, வியாபாரி செய்கிறார். பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, சீர்வரிசை என்று ஏதோ ஒரு நெருக்கடி வரும். வியாபாரி பட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, இருப்பதிலேயே திமுதிமுவென்று வளர்ந்த குட்டியின் முதுகில் கை வைப்பார். அது அன்றைக்கே வண்டி ஏறிவிடும். வளராமல் நின்றுபோன குட்டி மட்டும் 'இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்' என்று கிடக்கும். அடுத்த வருடம் அதுவே தாயாகும். அதன் கூடப் பிறந்த கிடா, யாரும் கேட்காததாலேயே பொலிகிடா ஆகிவிடும். நாலைந்து வருடம் இப்படி ஓடினால், 'முன்னே மாதிரி ஆடு வளரமாட்டேங்குது' என்ற பேச்சு வராமல் என்ன செய்யும்? கன்னி ஆடோ, கொடி ஆடோ, சேலம் கருப்போ, இனத்தின் மேல் குற்றமில்லை. நல்லதை விற்றுவிட்டு நோஞ்சானை இனவிருத்திக்கு விட்டதன் பலன் இது.

ஆகவே ஒரு நாள் ஒதுக்குங்கள். காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்க்கும் முன், ஒவ்வொரு ஆடாகப் பிடித்துப் பாருங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். தினமும் ஆட்டோடு போய்வருகிறவர் பக்கத்தில் நிற்கட்டும். பல வீடுகளில் அது வீட்டுப் பெண்கள்தான். எந்த ஆடு எத்தனை ஈற்று போட்டது, எது குட்டிக்குப் பால் விடாமல் உதைத்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். விற்கிற நேரத்தில் மட்டும் அவர்களைக் கேட்காமல் விடுவது நியாயமும் இல்லை, லாபமும் இல்லை.

முதலில் சினை

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஆனி, ஆடியில் கிடா சேர்ந்த ஆடு கார்த்திகை, மார்கழியில் ஈனும். அதற்கு இப்போது ஒன்று, இரண்டு மாதச் சினை இருக்க வேண்டும். பருவச் சுற்று சுமார் 21 நாள் என்பதால், இரண்டு சுற்று கிடாவோடு இருந்தும் மறுபடி வால் ஆட்டிக்கொண்டு கத்தும் ஆட்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சினைப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. கண் மதிப்பில் 'வெறும் ஆடு' என்று விற்று, சந்தையில் அதை வாங்கியவர் பத்து நாளில் இரட்டைக் குட்டி எடுத்த கதை ஊருக்கு ஊர் உண்டு.

சினை இல்லை என்பதற்காக உடனே கழித்துவிட வேண்டாம். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆடு, வறட்சியில் இளைத்துப்போன ஆடு, முதல் முறை பருவத்துக்கு வந்த இளம்பெட்டை ஆகியவற்றுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம். உடம்பு நன்றாக இருந்து, குட்டியும் கையில் இல்லாமல், போன பருவத்திலும் இந்தப் பருவத்திலும் சினை தங்காத ஆடுதான் முதலில் போக வேண்டியது. பார்வைக்கு அதுவே பட்டியில் அழகான ஆடாக இருக்கும். குட்டி வளர்க்காத உடம்பு அழகாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சினை ஆட்டை இறைச்சிக்குக் கொடுக்காதீர்கள். 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் சினையாக உள்ளதையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியை உடையதையும் அறுக்கக் கூடாது என்கின்றன. விதியை விடுங்கள், வயிற்றில் இரண்டு குட்டியோடு ஓர் ஆட்டை அனுப்ப நமக்கே மனசு வராது.

வாய், மடி, கண்

கீழ்உதட்டைப் பிரித்து முன்பல்லைப் பாருங்கள். ஆட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது. புதிதாக ஆடு வாங்குகிறவர்கள் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கீழே எட்டுப் பல். இரண்டு பல் போட்டால் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை வயது. எட்டும் நிலைப்பல்லாகிக் கடை சேர்ந்தால் மூன்றரை, நாலு வயது. அதற்கப்புறம் பல் தேயும், இடைவெளி விழும், உடையும். ஆறேழு வயதுக்கு மேல் பல் போன ஆடு கொழை கடித்துத் தின்ன முடியாமல், மழைக்காலத்தில் முதலில் இளைக்கும். அது சினையாக இருந்தால் மட்டும் பொறுத்துப் போங்கள். நறுக்கிய தீவனம் கொடுத்து, கார்த்திகையில் ஈன வைத்து, குட்டி மூன்று மாதம் பால் குடித்து முடித்ததும் மாசியில் விற்றுவிடலாம். மேல் அண்ணத்தோடு கீழ்ப்பல் பொருந்தாமல் தாடை முன்னே பின்னே இருக்கும் ஆட்டை வயது பாராமல் கழியுங்கள். அது குட்டிக்கும் தொடரும் கோளாறு.

மடியைக் கையால் பிடித்துப் பார்க்காமல் எந்தப் பெட்டையையும் நிற்க வைக்காதீர்கள். பால் வற்றிய மடி துணி மாதிரித் தொய்ந்து, விரலுக்குள் மெத்தென்று இருக்க வேண்டும். உள்ளே கெட்டியாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, ஒரு பக்கம் சூம்பிப்போயிருந்தாலோ முன்பு எப்போதோ மடிநோய் வந்து ஆறியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் இனி பால் இறங்காது. இரட்டைக் குட்டி போட்டால் ஒன்று பட்டினி கிடக்கும். மார்கழிக் குளிரில் வயிறு நிறையாத குட்டி சளி பிடித்து இரண்டு நாளில் போய்விடும். அந்தச் சாவை நாம் நோய்க்கணக்கில் எழுதுகிறோம். உண்மையில் அது ஆவணியில் நாம் பிடித்துப் பார்க்காத மடியின் கணக்கு.

அடுத்தது கண். வெயிலில் நின்றுகொண்டு, மேல் இமையைப் பெருவிரலால் மெல்ல அழுத்தி, கீழ் இமையை இழுத்துவிட்டால் உள்தோல் தெரியும். நல்ல சிவப்பு என்றால் ரத்தம் இருக்கிறது. இளஞ்சிவப்பு என்றால் கவனிக்க வேண்டும். வெளிறி, வெள்ளைத் தாள் போல இருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு மண்டிக் கிடக்கிறது. தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கியிருந்தால் முற்றிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறங்கள் கொண்ட 'ஃபமாச்சா' அட்டை உருவாக்கினார்கள். இன்று பல நாடுகளில் ஆட்டுக்காரர்கள் அதை வைத்துத்தான் எதற்கு மருந்து, எதற்கு வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள்.

மருந்துக்கு மட்டுமல்ல, கழிக்கவும் இந்தச் சோதனை உதவும். ஒரு மந்தையில் பெரும்பகுதிப் புழுவைச் சுமப்பது சில ஆடுகள்தான். ஒரே மேய்ச்சல், ஒரே தண்ணீர். இருபதில் பதினாறு சிவப்பாக இருக்க, நாலு மட்டும் ஒவ்வொரு தடவையும் வெளுத்து நிற்கும். மருந்து கொடுத்தால் தேறும், இரண்டு மாதத்தில் மறுபடி வெளுக்கும். அந்த ஆட்டின் புழுக்கைதான் மேய்ச்சல் நிலம் முழுக்க முட்டையைத் தூவுகிறது. புழுவைத் தாங்கும் தன்மை ஓரளவு பிறவியிலேயே வருவதால், அதன் குட்டியும் அப்படித்தான் நிற்க வாய்ப்பு அதிகம். ஒரு தடவை வெளுத்தது மருந்துக்கு. திரும்பத் திரும்ப வெளுப்பது விற்பனைக்கு.

குளம்பு அழுகல் ஒவ்வொரு மழைக்கும் வருகிற ஆடு, ஈன்ற பின் கருப்பை வெளியே தள்ளிய ஆடு, ஆறாத இருமலோடு இருக்கும் ஆடு ஆகியவற்றைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. போகட்டும்.

குட்டி வளர்த்த கணக்கு

உடம்புச் சோதனையில் தப்பிய ஆடுகளுக்குள் எது முதல் தரம் என்று பார்க்க ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. கடந்த இரண்டு வருடத்தில் அந்த ஆடு எத்தனை குட்டியை மூன்று மாதம் வரை வளர்த்துக் கொடுத்தது? போட்ட குட்டி எத்தனை என்று கேட்காதீர்கள், பிழைத்தது எத்தனை என்று கேளுங்கள். நல்ல பராமரிப்பில் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம். ஈற்றுக்கு ஒரு குட்டி பிழைத்தால்கூட மூன்று. இரண்டு வருடத்தில் ஒரே ஒரு குட்டி தேற்றிய ஆடு, தான் தின்றதற்கே விலை கொடுக்கவில்லை. அதே நேரம் குட்டி செத்த காரணத்தையும் நினைத்துப் பாருங்கள். தெருநாய் கடித்ததற்கும் கொட்டகை ஒழுகியதற்கும் தாய் பொறுப்பல்ல. முதல் ஈற்றில் ஒற்றைக் குட்டி போட்டதும் குறையல்ல.

நிறுத்தி வளர்க்கும் பெட்டைக்குட்டியை இந்தக் கணக்கில் முன்னே நிற்கும் தாய்களிடமிருந்தே எடுங்கள். ஒற்றையாகப் பிறந்த குட்டி, பால் முழுவதையும் தானே குடித்துக் கொழுகொழுவென்று இருக்கும். இரட்டையில் ஒன்று அதைவிட ஒரு கிலோ, இரண்டு கிலோ குறைவாக இருக்கலாம். அதைப் பார்த்து இரட்டைக்குட்டியை விற்றுவிட்டு ஒற்றையை நிறுத்துவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிற தவறு. இரட்டை போடும் தாயின் குட்டியில்தான் நாளைய பட்டி இருக்கிறது. இருபது பெட்டைக்கு வருடம் மூன்று, நாலு குட்டி நிறுத்தினால் போதும். அந்த மூன்று, நாலு குட்டியின் காதில் இன்றைக்கே தோடு போட்டுவிடுங்கள். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் தோடு போட்டது வியாபாரிக்கு இல்லை என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பொலிகிடா

இருபது, இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா. பட்டியின் பாதி ரத்தம் அதனுடையது. அது உங்கள் பட்டியில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் இப்போது தன் மகள்களோடு சேரும் நிலைக்கு வந்திருக்கும். எவ்வளவு நல்ல கிடாவானாலும் மாற்றுங்கள். நல்ல கிடாவென்றால் கறிக்கு விற்காமல், உறவு கலக்காத வேறொரு பட்டிக்காரரிடம் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொள்ளலாம். செலவில்லாத வழி இது. இரண்டு விரையும் சம அளவில், கெட்டியாக இறங்கியிருக்கிறதா என்று மட்டும் கையால் பார்த்து வாங்குங்கள். தேர்வாகாத கிடாக்குட்டிகளைச் சீக்கிரமே காயடித்துவிடுங்கள், அல்லது தனியே கட்டுங்கள். மூன்று, நாலு மாதத்திலேயே அவை பெட்டையைச் சுற்ற ஆரம்பித்துவிடும். குலதெய்வக் கோயிலுக்கோ பக்ரீத்துக்கோ கொடுக்க நினைக்கும் கிடாவைக் காயடிப்பதற்கு முன் வாங்குகிறவர் விருப்பத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. குறையில்லாத கிடாவுக்குத்தான் அங்கே விலை.

எப்போது விற்பது

புரட்டாசி பிறந்தால் பல வீடுகளில் கவுச்சி கிடையாது. கறிக்கடை காற்று வாங்கும், சந்தையில் விலை இறங்கும். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் எட்டயபுரம், மேலப்பாளையம், செஞ்சி போன்ற சந்தைகளில் விலை ஏறும். பிறகு கார்த்திகையில் மாலை போடுகிறவர்களால் மறுபடி மந்தம்.

எனவே கழித்த ஆடுகளை இரண்டாகப் பிரியுங்கள். பல் போனது, இருமுவது, திரும்பத் திரும்ப வெளுப்பது ஆகிய ஆடுகளுக்கு எவ்வளவு போட்டாலும் எடை ஏறாது. இவற்றை ஆவணி முடிவதற்குள் வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம். மலட்டு ஆடு, தேர்வாகாத கிடா போன்று உடம்பு நன்றாக உள்ளவற்றுக்கு ஐந்தாறு வாரம் அடர்தீவனம் கொடுத்துத் தீபாவளிச் சந்தைக்குக் கொண்டுபோங்கள். குடற்புழு மருந்தோ ஊசியோ போட்ட ஆட்டை உடனே கறிக்கு விற்கக் கூடாது. எத்தனை நாள் கழிக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், மருந்து உறையிலும் இருக்கும். நோயுள்ள ஆட்டை இன்னொரு விவசாயிக்கு 'வளர்ப்புக்கு' என்று விற்காதீர்கள். அவர் பட்டியும் நம் பட்டி மாதிரிதான்.

எடை தெரியாமல் விலை பேச வேண்டாம். தராசு இல்லாவிட்டால் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து புட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட உயிர் எடை கிலோவில் வரும். சுற்றளவு 27, நீளம் 25 என்றால் 27 கிலோவுக்குச் சற்று மேல். அதில் ஏறத்தாழ பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி விழும். கறிக்கடை விலை உங்களுக்குத் தெரியும், பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

நிற்கிற ஆட்டுக்கு

இப்போது எண்ணிக்கை கையில் இருக்கிறது. பெரிய பெட்டை ஒன்றுக்குக் கொட்டகையில் 10 முதல் 12 சதுர அடி வேண்டும். முப்பது கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கிலோ உலர் எடைத் தீவனம். இருபது ஆட்டை மழைக்கு இரண்டு மாதம் கட்டிப்போட்டால் 1,200 கிலோ. ஐந்து ஆட்டைக் கழித்திருந்தால் அதில் 300 கிலோ மிச்சம். மானாவாரிக் கடலை பிடுங்கும் நேரம் இது. கடலைக்கொடியை நனையாமல் காயவைத்துப் போராக அடுக்குங்கள். உளுந்து, துவரைப் பொட்டு கிடைத்தால் வாங்கிப் போடுங்கள்.

துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன் போட்டுவிடுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். போன தடவை எப்போது போட்டது என்று நோட்டில் பாருங்கள். செம்மறியும் கலந்து வைத்திருப்பவர்கள் நீலநாக்கு நோய் ஊசியைப் பற்றி மருந்தகத்தில் இப்போதே கேளுங்கள். அதைப் பரப்பும் கடிக்கும் சின்ன ஈக்கள் மழைச் சேற்றில்தான் பெருகும். சினை பிடித்த முதல் ஒன்றரை மாதத்தில் ஆல்பெண்டசோல் தவிர்க்க வேண்டிய மருந்து. மருத்துவரிடம் சினை மாதத்தைச் சொல்லி மருந்து வாங்குங்கள். ஆட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாத நிலையில் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அந்த எண்ணைக் கொட்டகைத் தூணில் பெரிதாக எழுதி வையுங்கள்.