தண்டனைத் தீவில் எழுந்த தலைநகர்

மதுரையைப் பாண்டியர் வளர்த்தனர். தஞ்சையைச் சோழர் வளர்த்தனர். நம்மவர் பலர் பிழைப்பு நாடி வந்து வாழும் போர்ட் பிளேயரைத் தோற்றுவித்தவர் யார்? அரசருமல்லர், வணிகருமல்லர். கடலை அளக்க வந்த ஓர் அதிகாரியும், சிறையைக் காக்க வந்த ஒரு மருத்துவருமே ஆவர்.

1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் சாத்தம் தீவில் முதற் குடியிருப்பை அமைத்தார். வங்கக் கடலில் செல்லும் கப்பல்களுக்கு ஒரு புகலிடமும் காவல் துறையும் வேண்டும் என்பது கும்பினியின் எண்ணம். 1792-இல், போர்க்கப்பல்களுக்கு ஏற்றது என்று கருதி, வடக்கு அந்தமானின் கீழ்க்கரைக்குக் குடியிருப்பை மாற்றினர். அங்கே காய்ச்சல் வாட்டியது. 1796-இல் அனைத்தையும் கைவிட்டு ஓடினர்.

அறிவியல் மாணவனாகிய எனக்கு இவ்விடமே சுவையானது. காட்டின் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அன்று நம்பினர். அதனால் மேன்மேலும் காட்டை வெட்டினர். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் கண்டது 1897-இல்தான். (நம் ராஸ் தீவுக்கும் அவருக்கும் தொடர்பில்லை, அது டேனியல் ராஸ் என்ற கடல் அளவையாளரின் பெயர்.) இத்தீவுகளில் நோய் பரப்பும் அனாபிலிஸ் கொசு, வெயில் படும் உவர்நீர்த் தேக்கங்களில் முட்டையிடுவது. கண்டல் மரங்களை வெட்டி நிழலை நீக்கினால் அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததாகும்! நோயை விரட்ட எடுத்த கோடரியே நோயை வளர்த்திருக்கும் அன்றோ?

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1857 கிளர்ச்சியில் பிடிபட்டோரை அடைக்க ஆங்கிலேயருக்கு இடம் தேவைப்பட்டது. 1858 மார்ச் 10-ஆம் நாள் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கினார். சூன் நடுப்பகுதி வரை வந்த கைதிகள் 773 பேர். மருத்துவமனையில் மாண்டோர் 64, தப்பியோடி அகப்படாதோர் 140, தற்கொலை 1, தப்ப முயன்றதற்காகத் தூக்கிலிடப்பட்டோர் 87. எஞ்சியோர் 481. மூன்றே திங்களின் கணக்கு இது! நகரின் முதல் குடிமதிப்பு என்றே இதனைக் கொள்ளலாம்.

காட்டை இழந்தவர் பக்கமும் உண்டு. 1859 மே 17-இல் அந்தமானியர் வில்லும் அம்பும் ஏந்தி அபர்தீனில் போரிட்டனர். தப்பியோடித் தம்முடன் ஓராண்டு வாழ்ந்து, தம் இனத்துப் பெண்ணையே மணந்த தூத்நாத் திவாரி என்ற கைதி முன்னரே ஓடிச்சென்று செய்தி சொல்லிவிட்டதை அவர்கள் அறியார். துப்பாக்கிகள் காத்திருந்தன. பின்னர் 1877-இல் பரவிய தட்டம்மை, துப்பாக்கியினும் கொடிதாயிற்று. ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெரிய அந்தமானியர் இன்று ஏறத்தாழ ஐம்பதின்மரே.

1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த செல்லுலார் சிறையைப் பற்றி யாவரும் எழுதியுள்ளனர், நான் விடுகிறேன். சிறைக்கு வெளியே நகர் வளர்ந்த கதையைத்தான் பலர் அறியார். ஒழுங்காகப் பல்லாண்டு கழித்த கைதிக்கு அனுமதிச் சீட்டு வழங்கினர். அவர் நிலம் உழலாம். கைதியாக வந்த பெண்ணை மணக்கலாம். ஆனால் தீவை விட்டு அகலலாகாது. பல சாதியினரும் பல மொழியினரும் இவ்வாறு கலந்து, இந்துஸ்தானியைப் பொதுமொழியாக்கினர். அவர்தம் வழியினரே இன்று ‘லோக்கல் பார்ன்’ எனப்படுவோர்.

2024 செப்டம்பரில் நடுவணரசு நகருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயரிட்டது. விடுதலைப் போரின் வெற்றியைக் குறிப்பது என்றனர். இராசேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த ஸ்ரீவிஜயத்தை நினைந்து புருவம் உயர்த்தும் தமிழ் மாணவரும் நம்மிடையே இருக்கக்கூடும்! அபர்தீன் கடைத்தெரு மட்டும் 1859-இல் போர் நடந்த இடத்தின் பெயரோடு இன்றும் இரைச்சலிட்டுக் கொண்டிருக்கிறது.