கடலோரக் கரண்டுக்கு எந்தக் கண்டென்சர்?

மின்சாரம் பிறக்கும் நெய்வேலி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் கடலூரிலும் சிதம்பரத்திலும் பழுது பார்ப்பவர்களின் மேசைக்குத் தலை உப்பிய கண்டென்சர்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 230 என்ற எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போடுவதுதான் இதில் பாதிப் பழுதுக்குக் காரணம் என்பேன்.

பம்புசெட்டுகள் ஓடும்போது லைன் கடைசியில் வோல்டேஜ் இறங்கும். நள்ளிரவில் லோடு குறைந்ததும் ஏறும். சுவரிலிருந்து நேரே பிரிட்ஜுக்குப் போகும் எஸ்எம்பிஎஸ் வகை ரெகுலேட்டரில், 230 வோல்ட் ஏசி கண்டென்சரில் 325 வோல்ட் டிசியாக நிற்கும். பத்து சதவீதம் கூடி 253 ஆனால் 358. 270-ஐத் தொட்டுவிட்டால் 382. நான் இந்த 382-ஐ வைத்துத்தான் கண்டென்சர் வாங்குவேன்.

கடையில் முதலில் எடுத்துக் கொடுப்பது 400 வோல்ட் கண்டென்சர். 382-க்கு மேல் 18 வோல்ட்தான் இடம் இருக்கிறது. நம் ஊர் லைனுக்கு இது போதாது. 450 வோல்ட் ஒன்று கிடைத்தால் வேறு யோசனை வேண்டாம், அதை வாங்கிவிடுங்கள். ஒரே பொருள், பங்கீட்டுச் சிக்கல் கிடையாது. தேவையான மைக்ரோஃபேரடில் அது கிடைக்காதபோதுதான் இரண்டு 250 வோல்ட் கண்டென்சர்களைத் தொடராக இணைக்கும் வேலை வருகிறது. 470 மைக்ரோஃபேரட் இரண்டைத் தொடரில் போட்டால் 235 மைக்ரோஃபேரட், 500 வோல்ட்.

ஆனால் அந்த 500-ஐ இருவரும் சரிபாதியாகச் சுமப்பதில்லை. எலெக்ட்ரோலிடிக் கண்டென்சரின் அளவு இருபது சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். ஒன்று அந்தக் கடைசியிலும் மற்றொன்று இந்தக் கடைசியிலும் அமைந்துவிட்டால், சுவிட்ச் போட்ட நொடியில் சிறியதன்மேல் 382-இல் அறுபது சதவீதம், அதாவது 229 வோல்ட் ஏறும். 250 வோல்ட் கண்டென்சர் இதைத் தாங்கும். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து கழற்றிய 200 வோல்ட் ஜோடி தாங்காது. காசு மிச்சமாகிறதே என்று அதை எடுக்காதீர்கள். புதிதாக வாங்கினாலும் ஒரே கம்பெனி, ஒரே பேட்ச் ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள்.

சுவிட்ச் போட்ட பிறகு லீக்கேஜ் கரண்ட்தான் பங்கீட்டைத் தீர்மானிக்கும். குறைவாகக் கசியும் கண்டென்சரின் தலையில் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். இதைத் தடுக்கத்தான் ஒவ்வொன்றின் குறுக்கிலும் ஒரே அளவு பேலன்சிங் ரெசிஸ்டர். 470 மைக்ரோஃபேரட் ஜோடியில் கசிவு வித்தியாசம் 270 மைக்ரோஆம்பியர் வரை போகலாம் என்று வைத்துக்கொள்வோம். 220 கிலோ ஓம் போட்டால் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 59 வோல்ட் வித்தியாசம் வரும். ஒன்று 221-இல் நிற்கும். 100 கிலோ ஓமில் வித்தியாசம் 27 வோல்ட்தான்.

சிதம்பரம் டவுனுக்குள் 220 கிலோ ஓம், அரை வாட் போதும், ரெசிஸ்டரில் 0.17 வாட்தான் சூடாகும். தேவனாம்பட்டினம், தாழங்குடா, முதுநகர் பக்கம் நான் 100 கிலோ ஓம்தான் போடுவேன். உப்புக்காற்றின் ஈரம் போர்டின் மேல் படலமாகப் படிந்தால் அதுவே ஒரு ரெசிஸ்டர் ஆகிவிடும். நம் ரெசிஸ்டரின் மதிப்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு அந்தப் படலம் பங்கீட்டைக் கெடுக்கும். 100 கிலோ ஓமில் 0.36 வாட் செலவாகிறது. கால் வாட் கருகிவிடும், அரை வாட் சுடும். ஒரு வாட் வாங்குங்கள். வேலை முடிந்ததும் போர்டுக்கு வார்னிஷ் பூச மறக்கவேண்டாம்.

அடுத்து வெப்பம். 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதிய கண்டென்சர், பெட்டிக்குள் 65 டிகிரி இருந்தால் சுமார் 8000 மணி நேரம் உழைக்கும். இடைவிடாமல் ஓடினால் ஒரு வருடம்கூட இல்லை. 105 டிகிரி ரகம் அதே இடத்தில் 32,000 மணி நேரம் வரும். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்ற கணக்கு இது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஓடும் கருவிக்கு 105 டிகிரி மட்டுமே.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சின்ன ரெகுலேட்டர் என்றால் கவலை குறைவு. 7805-க்கு உள்ளே 0.33, வெளியே 0.1 மைக்ரோஃபேரட், ஐசியின் காலை ஒட்டி. 1117 வகைக்கு மட்டும் வெளிப்பக்கம் டேட்டாஷீட் சொல்லும் டான்டலத்தையே போடுங்கள். செராமிக்கின் உள்தடை மிகக் குறைவு என்பதால் ரெகுலேட்டர் அலைவுக்குப் போய்விடலாம்.

நியூட்ரல் அறுந்தால் இந்தத் தேர்வு எதுவும் காப்பாற்றாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. அப்படி அறுந்த லைனில் நியூட்ரல் மட்டும் விட்டுப்போனால், மூன்று ஃபேஸ் லைனிலிருந்து ஒரு வீட்டுக்கு 415 வோல்ட்வரை வரலாம். பிரிட்ஜுக்குப் பின் 587. உள்ளே நுழையும் இடத்தில் ஒரு ஃப்யூஸும் அதன் பின்னால் ஒரு எம்ஓவியும் வேண்டும். புயல் ஓய்ந்து கரண்டு வந்ததும், பிளக் சொருகும் முன் மீட்டரால் அளந்து பாருங்கள்.

இனி ஒரே ஒரு வேண்டுகோள். பேலன்சிங் ரெசிஸ்டர்கள்தான் கண்டென்சரில் நிற்கும் மின்னேற்றத்தையும் வடிக்கின்றன. 100 கிலோ ஓம் ஜோடி நல்லபடி இருந்தால் ஐந்து நிமிடத்தில் 382 வோல்ட் ஒரு வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். ஒன்று அறுந்திருந்தால் வராது. பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் பொறுங்கள். இரண்டு கண்டென்சரையும் தனித்தனியாக அளந்த பிறகே போர்டில் கை வையுங்கள்.