வணிகரும் தூதரே

நாடுகளை இணைப்போர் அரசின் தூதர் மட்டுமல்லர், வணிகரும் ஆவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர்க்குக் குதிரைகள் கொணர்ந்த அரபு வணிகர் அரசவையிலும் செல்வாக்குப் பெற்றதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்துள்ளார்.

அம்மரபின் தொடர்ச்சியை நம் பகுதியிலேயே காண்கிறோம். 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. 1990களில் அமெரிக்க ஃபோர்டு நிறுவனம் மறைமலைநகருக்கு வந்தது. இங்கு உருவான கார்கள் கடல் கடந்தன. எனினும் 2022இல் உற்பத்தி நின்றது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். 2024இல் முதலமைச்சர் அமெரிக்கா சென்று பேசியபின், ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் இயக்கும் விருப்பத்தை நிறுவனம் தெரிவித்தது.

இதனால் நாம் அறிவது யாது? தனியார் தொழில் நாட்டுறவை வளர்க்கும். ஆயின் இலாபம் குன்றின் விலகும். ஆதலின் முதலீட்டை வரவேற்கும் அரசு, தொழிலாளர் காப்பையும் ஒப்பந்தத்தில் உடன் எழுதுதல் வேண்டும்.