மிளகாயும் மூட்டுவலியும்

மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளினால் கை எரியும் என்பதை நம் விவசாய அங்கத்தினர்கள் நன்கறிவர். அவ்வெரிச்சலைத் தரும் பொருளே தக்க அளவில் வலியைத் தணிக்கும் மருந்தாகவும் அமைகிறது. குழித்தறியில் நாள்தோறும் மிதித்து முழங்கால் நோகும் நெசவாளர்க்கும் இது பயன்படுமாதலால், அதனை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

காரத்திற்குக் காரணம் காப்சைசின் என்னும் பொருள். அது விதையில் அன்று, விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையிலேயே மிகுதியாக உள்ளது. நம் நரம்பு நுனிகளில், ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் வெப்பம் பட்டால் திறக்கும் வாயில் போன்றதோர் அமைப்பு உண்டு. காப்சைசினும் அதனைத் திறந்துவிடுகிறது. ஆகையால், சூடு இல்லாதபோதும் சுடுவதாக உணர்கிறோம். 1997-ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்து வெளியிட்ட டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞர், 2021-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசை மற்றோர் அறிஞருடன் பகிர்ந்து பெற்றார்.

இப்பொருள் தொடர்ந்து படுமாயின் அந்நுனிகள் ஓய்ந்து, வலியை உணர்த்துவது குறைகிறது. இதுவே மருந்தின் தத்துவம். இதற்கான களிம்புகளில் காப்சைசின் 0.025 அல்லது 0.075 சதவீதமே கலந்திருக்கும். மருத்துவர் கூறியவாறு நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை தடவிவந்தால் சில வாரங்களில் பலன் தெரியும். முதல் நாட்களில் தோன்றும் எரிச்சல் பெரும்பாலும் பின்னர்க் குறையும்.

அப்படியாயின், வீட்டு மிளகாயை அரைத்தே பூசலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். அது கூடாது. காரம் காய்க்குக் காய் வேறுபடும். தோல் வெந்து கொப்புளித்தால் பல நாள் கூலி போய்விடும். சர்க்கரை நோயினால் உணர்ச்சி குன்றிய கால்களில் புண் உண்டாவதே தெரியாமற் போகலாம்.

களிம்பைப் புண்ணின்மீது தடவலாகாது. தடவிய இடத்தில் ஒத்தடமும் கொடுக்கலாகாது. தடவிய கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே கண்ணையோ குழந்தையையோ தொடவேண்டும்.

வலி தணிந்ததனால் மூட்டு குணமாகிவிட்டதாகக் கொள்ளலாகாது. வீக்கமோ காய்ச்சலோ இருப்பின் மருத்துவரை அணுகுதல் வேண்டும். சாயத்தில் அளவு தவறினால் நூல் பாழாவதை நாம் அறிவோம். மருந்தும் அத்தன்மையதே.