ஊட்டிக்கு எந்த மலைப்பாதை?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற இரண்டு சாலைகள்: ஒன்று பர்லியார், குன்னூர் வழி, மற்றது கோத்தகிரி வழி. மைசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மசினகுடி - கல்லட்டி என்று மூன்றாவது ஆசையும் உண்டு. கண்ணுக்கு விருந்து மூன்றிலும் இருக்கிறது. எதை ஓட்டிப் போகிறீர்கள், ஏறப் போகிறீர்களா இறங்கப் போகிறீர்களா என்று பார்த்து முடிவு செய்வதே சரி.

முதல்முறை கார் எடுத்துப் போகிறவர்கள் குன்னூர் வழியே ஏறட்டும். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் சாலை அகலம், இடையில் பர்லியாரில் வண்டியை ஆறவிடலாம், பருவமிருந்தால் மங்குஸ்தான் வாங்கலாம். இறங்கும்போது கோத்தகிரி. கோடை சீசனில் காவல்துறையே போக்குவரத்தை இப்படி ஒருவழியாக்கிவிடுவது வழக்கம். மற்ற நாட்களிலும் அதையே பின்பற்றினால் நிம்மதி.

சைக்கிளுக்கு ஏற்றம், இறக்கம் இரண்டுக்குமே கோத்தகிரிதான் என்பேன். குன்னூர் சாலையில் பஸ்ஸும் வேனும் முழங்கை உரசப் போகும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஊர் வரை பாதை சுமார் 33 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயர்கிறது. அடிவாரம் வரை சமதளம் என்பதால், உண்மையான ஏற்றம் இந்தக் கணக்கு காட்டுவதைவிடக் கடுமை. வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே கிளம்பத் தோன்றும், வேண்டாம். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கே வரும். நன்றாக விடிந்தபின் மிதியுங்கள். இறங்கும்போது பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வியர்த்த உடம்பில் குளிர்காற்று அடிக்குமே, அதற்குச் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொண்டால் போதும்.

கல்லட்டி வேறு ரகம். 36 வளைவுகள், செங்குத்து. பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகளால் வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை. தலைகுந்தாவில் மறித்துக் கூடலூர் வழியே திருப்பிவிடுவார்கள். ஏறலாம், முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் மாறி மாறி. சைக்கிளில் போக நினைப்பவர்கள் அடிவாரம் சேரவே முதுமலைக் காட்டைக் கடக்க வேண்டும். எனக்கு அது வீண் துணிச்சலாகத்தான் படுகிறது.

காரில் போகிறவர்கள் இ-பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். பந்திப்பூர் வழி வருகிறவர்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச்சாலை மூடியிருக்கும்.