லேப்டாப் பழுதா? சர்வீஸ் சென்டர் கைவிரிக்கிறதா? டெல்டாக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பேராவூரணியிலிருந்து பழுதான லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்து போனால் அன்றைய பொழுது போயிற்று. "ஸ்பேர் இன்னும் வரல, அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலோடு வெறுங்கையாய்த் திரும்புபவர்களில் பலர் கல்லூரிப் பிள்ளைகள். நெல் போட்ட பணத்தில் பெற்றவர்கள் வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. வாரண்டி காலத்தில் பழுது நீக்கித் தருவது கம்பெனி காட்டும் சலுகை அல்ல. விலையோடு சேர்த்து நீங்கள் வாங்கிய உரிமை.

முதல் படி: கொடுப்பதற்கு முன்

கோளாறைச் செல்போனில் வீடியோ எடுங்கள். திரை மினுக்குவது, சார்ஜ் ஏறாதது, தானாக அணைவது எல்லாம் சர்வீஸ் சென்டர் மேசையில் வைத்ததும் ஒளிந்துகொள்ளும். லேப்டாப் ஆன் ஆகும் நிலையில் இருந்தால் அதிலேயே உள்ள சோதனையை ஓட்டுங்கள். டெல் என்றால் ஆன் செய்யும்போது எஃப்12, எச்.பி என்றால் எஃப்2. பிழை எண் வந்தால் படம் எடுத்து வையுங்கள்.

ஃபைல்களை வேறிடத்தில் பிரதி எடுங்கள். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் குறித்துக்கொள்ளுங்கள். மதர்போர்டை மாற்றினால் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும். இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வாரண்டி இருக்கும்வரை தெருமுனைக் கடையில் கழற்றிப் பார்க்கக் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: ஜாப் ஷீட்

லேப்டாப்பை வாங்கும்போது சர்வீஸ் சென்டர் பதிந்து தரும் இந்த ஒரு தாளில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கவுண்டரில் இருப்பவர் அவசரத்தில் "நோ பவர்" என்று இரண்டே சொல் தட்டுவார். "சார், போன மாசம் மதர்போர்டு மாத்தினீங்க, திரும்பவும் அதே கம்ப்ளெய்ன்ட்னு போடுங்க" என்று நின்று சொல்லி எழுத வையுங்கள். சீரியல் எண், கொடுத்த தேதி, கூடவே கொடுத்த சார்ஜர், வெளிப்புற நிலை எல்லாம் பதிவாகட்டும். கீறலோ உடைசலோ இல்லையென்றால் "இல்லை" என்றே எழுதட்டும். காலியாக விட்ட கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். திரும்ப வாங்கும்போது எந்தப் பாகம் மாற்றினார்கள், அதற்கு எத்தனை நாள் வாரண்டி என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே அதிகம் கேட்கிற பதில் "தண்ணி போயிருக்கு, வாரண்டி வராது". அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். சில மாடல்களில் ஈரம் பட்டால் சிவக்கும் சிறு வெள்ளை ஒட்டுகள் உள்ளே இருக்கும். அந்த ஒட்டின் படத்தையும் துரு பிடித்த இடத்தின் படத்தையும் கேளுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வோல்டேஜ் ஏறி போர்டு போய்விட்டது என்று சொன்னாலும் இதே வழிதான்.

மூன்றாம் படி: மின்னஞ்சல்

அதே கோளாறு இரண்டாம் முறை வந்தால் போனில் பேசிப் பயனில்லை. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பில், ஜாப் ஷீட் எண்கள், தேதிகள், உங்கள் கோரிக்கை, 15 நாள் கெடு. கோரிக்கை தெளிவாக இருக்கட்டும்: மாற்று லேப்டாப் அல்லது பணம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்துக்கும் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர்கள் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

நான்காம் படி: 1915

கெடு தாண்டினால் அழைக்க வேண்டிய தேசிய நுகர்வோர் உதவி எண் இது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை; புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கும். பல கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும்.

ஐந்தாம் படி: மாவட்ட நுகர்வோர் ஆணையம்

கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, அங்கே போய் யார் கேஸ் நடத்துவது என்று பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவு, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட இடம் தருகிறது. கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூர் ஆணையத்திலும், மன்னார்குடிக்காரர் திருவாரூரிலும் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

விற்ற கடை, சர்வீஸ் சென்டர், தயாரித்த கம்பெனி மூன்றையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவர் மேல் ஒருவர் பழி போட வழியிருக்காது. பழுதைப் பரிசோதித்தால்தான் தெரியும் என்றால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும், அதற்கான தொகையை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும் தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வியாபார நோக்கில் வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் பிழைப்புக்காகத் தானே உட்கார்ந்து நடத்தும் ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் பொருந்தும். அவர் அதை மனுவிலேயே சொல்லிவிட வேண்டும்.

தீர்ப்புக்குப் பின்

பழுது நீக்கம், மாற்றுப் பொருள், வட்டியோடு விலை, மன உளைச்சலுக்கு இழப்பீடு எதையும் ஆணையம் உத்தரவிடலாம். கம்பெனி 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் இல்லாமல் பணமும் தராமல் இருந்தால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மீறுபவருக்கு 72-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு.