14 வருடம் முடிந்தால் விடுதலையா?

கேள்வி: என் அண்ணன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று மதுரை மத்திய சிறையில் இருக்கிறார். வரும் ஆவணியோடு 14 வருடம் முடிகிறது. அதன்பின் தானாகவே விட்டுவிடுவார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா? அதற்குமுன் தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். பரோல் கிடைக்குமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கல்யாணத்தை முதலில் பார்ப்போம், அம்மா. நாம் பரோல் என்பது தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி தரும் விடுப்பு. அதில் அவசர விடுப்பு என்று ஒன்று உண்டு. பெற்றோர், மனைவி, மக்கள், உடன்பிறந்தோரின் சாவு, கடும் நோய் ஆகியவற்றோடு, மகன், மகள் திருமணத்துக்கும் அதைக் கேட்கலாம். பத்திரிகை அடித்த கையோடு ஒரு பிரதியை இணைத்துச் சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், காவல் நிலைய அறிக்கையும் போக வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் ஓடினால் எதுவும் நடக்காது. விடுப்பு சலுகைதான், உரிமை அல்ல. ஆனாலும் காரணமில்லாமல் மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். குறித்த நாளில் அவர் சிறைக்குத் திரும்பியே ஆக வேண்டும். தாமதமாகப் போனால் பின்னால் முன்விடுதலைக் கோப்பில் அது எழுந்து நிற்கும்.

இனி அந்த 14 வருடம். ஊரில் சொல்வது தவறு. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க என்று 1961-லேயே கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (இவர் கோபால் கோட்சே, நாதுராமின் தம்பி). 14 என்ற எண் 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 433ஏ பிரிவிலிருந்து வந்தது. இப்போது அது புதிய சட்டத்தின் 475-ஆம் பிரிவு. கொலை போல மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றங்களில், 14 ஆண்டு உள்ளே இருக்காதவரை அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்க முடியாது என்பதே அதன் பொருள். அந்த 14 ஆண்டு முடியும் அன்றுதான் மனுவுக்கே கதவு திறக்கிறது. நன்னடத்தைக்காகச் சிறையில் தரும் கழிவு நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் சேரும்.

"எங்கள் ஊர்க்காரர் பத்தே வருடத்தில் வந்தாரே" என்பீர்கள். 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, 10 ஆண்டு கழித்தவர்களை அரசியல் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்கீழ் அரசு விடுவித்தது. 433ஏ அந்த அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அப்படி ஓர் அரசாணை வந்தால்தான் உண்டு, அதிலும் சில குற்றங்களை விலக்கியிருப்பார்கள். விடுதலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று: அண்ணனுடைய உயர் நீதிமன்றத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். "25 ஆண்டுவரை தண்டனைக் குறைப்பு கூடாது" என்பது போன்ற வரி இருந்தால், 14 வருடக் கணக்கு உங்களுக்கு உதவாது. 2015-இல் ராஜீவ் கொலை வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னபடி, உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே அப்படி விதிக்கலாம்.

அந்த வரி இல்லையென்றால் நம்பிக்கை உண்டு. தகுதி வந்தவர்களின் முன்விடுதலையை, மனு இல்லாமலே அரசுகள் பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். ஆவணி பிறந்ததும் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். வக்கீலுக்குச் செலவழிக்க முடியாவிட்டால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக உதவி கிடைக்கும்.